புளி போட்டுத் தேய்த்த தண்டவாளம்

காக்களூர் ஏரிக்கரைத் தெருவில் கோமளவல்லியைத் தெரியாத ஆள் இருந்தாலும் இருக்கலாம். திருவள்ளூர்க் கோயிலில் அவள் கை படாத பித்தளைப் பாத்திரம் இருக்காது. பதினோரு வயதில் அம்மாவுக்கு ஒத்தாசையாகப் போய் உட்கார்ந்தவள். தை மாத உற்சவத்துக்கு முன்னால் நான்கு நாள், குத்துவிளக்கு, தூபக்கால், திருமஞ்சனக் குடம் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து குவிப்பார்கள். புளியை ஊறவைத்து, ஒரு பிடி கல்லுப்பைப் போட்டு, தேங்காய் நாரால் அவள் நாலு இழுப்பு இழுத்தால் போதும், போன வருஷத்துக் கறுப்பெல்லாம் கழன்றுகொண்டு வரும். "கோமளம் தேய்ச்ச சொம்புல முகம் பாத்துத் திருமண் இட்டுக்கலாம்" என்று பட்டாச்சாரியார் ஒருவர் எப்போதோ சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மனுஷர் ராமஸ்வாமி. அவருடைய தகப்பனார் மடப்பள்ளியில் தளிகை பண்ணினவர். பிள்ளை கரண்டியைத் தொடமாட்டேன் என்று ஐ.டி.ஐ. படித்து, காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டப் போனார். முப்பத்தைந்து வருஷம் ஓட்டினார். பெண் மைத்ரேயியைப் படிக்கவைத்து, புனேயில் கட்டிக்கொடுத்து, பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடும் கட்டினார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் தோட்டம். கொய்யா மரம், நந்தியாவட்டை, நடுவில் துளசி. இவற்றைச் சுற்றித்தான் அந்த ரயில் ஓடியது.

ஆமாம், ரயில்தான். பட்டறைக்கு மெஷின் பொருத்த வந்த ஜெர்மனிக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது முழங்கை நீளத்தில் ஒரு என்ஜினை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிகளை இவரே தகரத்தில் செய்து, பச்சையும் வெள்ளையும் அடித்தார். தண்டவாளம் பித்தளை. மூன்றடி மூன்றடியாக வாங்கி, கட்டையில் இரண்டு வரிசையாகப் பதித்து, எழுபத்திரண்டு இடத்தில் தகடு வைத்து இணைத்து, தோட்டத்தைச் சுற்றி நூற்றெட்டு அடிக்கு ஓட்டிவிட்டார். "திவ்யதேசம் நூத்தெட்டு, நம்ம தண்டவாளமும் நூத்தெட்டு" என்பார். முன்பெட்டியில் பெயர்ப்பலகை: காக்களூர் – காக்களூர்.

"பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கற ரயிலுக்கு எதுக்கு இவ்வளவு உபசாரம்?" என்று கோமளவல்லி கேட்பாள்.

உபசாரம்தான், வேறென்ன சொல்வது. அந்த ரயிலுக்குக் கரண்ட் தண்டவாளத்தில்தான் வரும். தொட்டால் ஷாக் அடிக்காது, அவ்வளவு குறைச்சல். சக்கரம் அதைத் தொட்டு வாங்கித்தான் என்ஜின் ஓடவேண்டும். நடுவில் கொஞ்சம் தூசி, நசுங்கிய ஒரு எறும்பு, நந்தியாவட்டைப் பால் பட்ட ஒரு கறை இருந்தால் போயிற்று, இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். பேட்டையிலிருந்து வரும் தூசியோ கேட்கவே வேண்டாம், காயப்போட்ட வேட்டியே சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும். அதனால் காலை ஆறரை மணிக்கெல்லாம் ராமஸ்வாமி மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். பெயின்ட் பிரஷ்ஷால் சருகைத் தள்ளுவார். பழைய பனியனைக் கிழித்த துணியில் ஸ்பிரிட்டை நனைத்து, தண்டவாளத்தின் மேல்முதுகை மட்டும் அடி அடியாகத் துடைத்துக்கொண்டே நகர்வார். துணியில் கறுப்பு ஏறும். வேறு துணி எடுப்பார். துடைத்த துணி வெள்ளையாகவே வரும் வரைக்கும் விடமாட்டார்.

வெள்ளையாக வந்ததும் அந்தத் துணியைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"கோமளம், பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்" என்பாள், அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே. எத்தனை வருஷமாக! ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்தாளா என்றால், இல்லை.

ஒரே ஒரு தரம் வெளியே வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். "ரெண்டு மணி நேரம் துடைச்சும் இப்படி மங்கலாவே இருக்கே! பித்தளைன்னா பளபளன்னு இருக்கவேண்டாமா? என்கிட்ட விடுங்கோ, புளியைப் போட்டு ஒரு தேய் தேய்க்கறேன்."

"ஐயையோ, புளியா? கிட்ட வராதே தாயே!" என்று அவர் இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தார். "பளபளப்பு யாருக்கு வேணும்? கரண்ட் போனாப் போறும்."

அவளுக்குச் சுருக்கென்றது. கோயிலே மெச்சும் கையை இந்த மனுஷர் கிட்டே வராதே என்கிறாரே! அதற்கப்புறம் அவள் தோட்டத்துப் பக்கம் துளசி சேவிக்க மட்டும்தான் போனாள். ஸ்பிரிட் பாட்டிலோ அவளுக்கு ஆகவே ஆகாது. சாராய வாடை, தீட்டு என்று அதைப் பின்கட்டுத் தகரக் கொட்டகையைத் தாண்டி உள்ளே வரவிட்டதில்லை.

போன ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு நாள். வீட்டுக்கு வந்தபோது வலக்கையும் வலக்காலும் விளங்கவில்லை, பேச்சும் இல்லை. சொல்வது புரியும், பதில் வராது. டாக்டர் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: "காரணமில்லாம அழுவார், காரணமில்லாம சிரிப்பார். மூளையில அடிபட்டதால வர்றது. மனசுல வெச்சுக்காதீங்க."

நல்லதற்குத்தான் சொன்னார், பாவம். அந்த வார்த்தைதான் பிற்பாடு அவள் கண்ணைக் கட்டியது.

உடம்புப் பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் ஸ்நேகா என்ற பெண் வந்தாள். மணவாள நகர்க்காரி, ஸ்கூட்டியில் வருவாள். அவள்தான் கண்டுபிடித்தாள். "ஆன்ட்டி, அவரு ரைட் சைடே பாக்கமாட்றாரு, கவனிச்சீங்களா? அந்தப் பக்கம் உலகமே இல்லாத மாதிரி கீறாரு. தட்டுல பாதி சோறு அப்டியே கீது பாருங்க. எதுனா ஒன்ன காட்டி அந்தப் பக்கம் திரும்ப வைக்கணும். இல்லன்னா கை கால் வர்றது கஷ்டம்."

என்னென்னவோ காட்டினார்கள். பேத்தியின் வீடியோவை ஃபோனில் காட்டினார்கள். பெருமாள் படத்தை வலப்பக்கம் மாட்டினார்கள். ம்ஹும். மார்கழியில் லீவு போட்டு வந்த மைத்ரேயி ஒருநாள் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிவைத்து, தோட்டத்தைப் பெருக்கி, தண்டவாளத்தை ஈரத்துணியால் ஒப்புக்குத் துடைத்து, ஸ்விட்சைப் போட்டாள். ரயில் திக்கித் திக்கி இடப்பக்கமிருந்து வந்தது. ஜன்னலைக் கடந்து கொய்யா மரத்துப் பக்கம் போயிற்று. அவர் முகமும் கூடவே போயிற்று, முழுக்க இல்லை, ஒரு கால்வாசி. கோமளவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு "பெருமாளே!" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வழிபாடு கிடையாது. ரயில் ஓடவேண்டும், அவர் திரும்பவேண்டும், அவ்வளவுதான். தை அமாவாசைக்குக் கோயில் குளத்தில் வேண்டுதலாக வெல்லம் கரைத்தபோதுகூட அவர் எழுந்து நடக்கவேண்டும் என்று கேட்கவில்லை. ரயில் நிற்காமல் ஓடவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஆனால் அதற்கு முன்னாலேயே செய்யக்கூடாததைச் செய்துவிட்டாளே! போகியன்று கொட்டகையை ஒழித்தபோது அந்த ஸ்பிரிட் பாட்டிலையும் கறுப்புத் துணி மூட்டையையும் பீடை என்று தூக்கிப் போட்டுவிட்டாள். போகிப் புகை முழுதும் தண்டவாளத்தில் படிந்தது. மைத்ரேயி பொங்கல் முடிந்து புனே போனாள். ரயில் நாலடிக்கு ஒருதரம் நின்றது. அவர் முகம் பாதி திரும்பி, ரயில் நின்ற இடத்தில் தானும் நின்றுவிடும்.

கோமளவல்லிக்குப் பித்தளையைச் சுத்தம் பண்ண ஒரு வழிதான் தெரியும். ஒரு உருண்டை புளியை ஊறவைத்தாள்.

மணைப்பலகையில் உட்கார்ந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உப்பும் புளியும் தேங்காய் நாருமாக நூற்றெட்டு அடியையும் தேய்த்தாள். முதுகு, விலா, இடுக்கு ஒன்றையும் விடவில்லை. போர் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி அலம்பினாள். இரண்டு நாள் பிடித்தது. உற்சவ மூர்த்தியின் நகை மாதிரி தண்டவாளம் வெயிலில் தகதகத்தது.

ஜன்னலுக்குள்ளே ராமஸ்வாமி அழுதார். வாய் கோணி, ஓவென்று ஒரு சத்தம். இடக்கையால் நாற்காலிக் கையைப் பட்பட்டென்று அடித்தார்.

"பாத்தேளா, பாத்தேளா! கண்ணால ஜலம் வந்துடுத்து. இத்தனை நாள் கிட்ட வராதேன்னேளே!" என்று அவள் சிரித்தாள். அன்றைக்கு ரயில் பத்துச் சுற்று நிற்காமல் ஓடியது. கைமேல் பலன் என்று தெருவில் இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நின்றது. சரி, அழுக்கு இன்னும் இருக்கிறது போலிருக்கிறது என்று இன்னொரு உருண்டை புளி. இரண்டு நாள் ஓடியது, நின்றது. மறுபடி புளி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு தடவையும் ஓடும் நாள் குறைந்தது. மாசி பிறந்தபோது ஸ்விட்சைப் போட்டால் என்ஜின் முனகக்கூட இல்லை.

அவரோ அவள் புளிப் பாத்திரத்தை எடுத்தாலே அழ ஆரம்பித்தார். "போன வாரம் நல்லா திருப்புனாரு, இப்போ இன்னா ஆன்ட்டி, கழுத்து மரக்கட்ட மாதிரி கீது?" என்றாள் ஸ்நேகா. ஒரு மத்தியானம், கையெல்லாம் உப்பு பட்டு வெடித்து எரிய, கோமளவல்லி தோட்டத்திலிருந்தே கத்தினாள். "யாருக்காகப் பண்றேன் இதெல்லாம்? ஏன் இப்படி அழுது பிராணனை வாங்கறேள்? பேசாம இருங்கோளேன்!"

பேச முடியாதவரைப் பார்த்துப் பேசாமல் இருங்கள் என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உள்ளே ஓடிவந்து முகத்தைத் துடைத்துவிட்டாள். தண்டவாளத்தைப் பார்த்தால்தானே அழுகிறார் என்று ஜன்னலைச் சாத்தினாள். நாற்காலியை டி.வி. பக்கம் திருப்பி வைத்தாள். பன்னிரண்டு நாள் அந்த ஜன்னல் திறக்கவில்லை. பிரியத்தில்தான் செய்தாள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு, வெள்ளைச் சட்டையோடு இம்மானுவேல் வந்தான். ராமஸ்வாமியிடம் லேத் கற்றுக்கொண்டவன், இப்போது அந்தப் பட்டறையிலேயே ஃபோர்மேன், நரை விழுந்த ஆள்.

"இன்னா மாமி, சாமிய இருட்டுல ஒக்கார வெச்சிகினு கீறீங்க? ரயிலு ஓடலியா?"

"அதை ஏன் கேக்கறே இம்மானுவேல். நானும் பளபளன்னு வெச்சிருக்கேன், ஓடமாட்டேங்கறது."

அவன் தோட்டத்துக்குப் போனான். தண்டவாளத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. குந்தி உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரால் ஒரு இணைப்புத் தகட்டை நெம்பி எடுத்தான். உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு, விரலால் வழித்து எடுக்கலாம் போல. இன்னொன்றை நெம்பினான். அதிலும் அப்படியே.

"இன்னாத்த போட்டுத் தேச்சீங்க மாமி?"

"புளிதான். கூட உப்பு."

அவன் தகட்டை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினான். "மேல பளபளன்னுதான் கீது. புளித்தண்ணி ஜாயின்ட்டுக்குள்ள பூந்துகினு களிம்பு புடிச்சிடிச்சி. ஒரு பீஸ்லேர்ந்து இன்னொரு பீஸுக்குக் கரண்ட் எப்டிப் போவும்? சாமி எங்களாண்ட ஆயிரம் வாட்டி சொல்லுவாரு மாமி. புளி, எலுமிச்சம்பழம், உப்புத்தாளு, எதையும் இதுங்கிட்ட கொண்டாராதீங்கடா, ஸ்பிரிட்டும் துணியும் போதும்பாரு."

கோமளவல்லிக்கு அவர் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. ஐயையோ, புளியா, கிட்ட வராதே தாயே. சிரித்துக்கொண்டு சொன்னாரே! அவர் அழுததெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று அழுதது. இடக்கையால் அடித்ததெல்லாம் நிறுத்து என்று அடித்தது. கையும் வாயும் போன மனுஷர் தனக்கு மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகக் கத்தியிருக்கிறார். இவள் சந்தோஷம் என்று நினைத்தாள், வியாதி என்று நினைத்தாள், கடைசியில் ஜன்னலையே சாத்திவிட்டாள்.

உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள். நாற்காலியைத் திருப்பி வைத்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "நான் பாவி. நீங்க சொன்னது எனக்குப் புரியாமப் போயிடுத்தே. அன்னிக்கே சொன்னேள், அதையும் காதுல வாங்கிக்கலை. கண் கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம் பண்றேன். என்னை மன்னிச்சுடுங்கோ" என்று வாய்விட்டு அழுதாள். அவரும் அழுதார். இந்தத் தடவை நாற்காலியை அடிக்கவில்லை. இடக்கையைத் தூக்கி அவள் தலைமேல் வைத்தார், அது கனத்தால் நழுவி அவள் தோளில் வந்து நின்றது.

மறுநாள் அவளே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஸ்பிரிட் கேட்டாள். "இஞ்செக்ஷன் போடவா மாமி?" என்றான் கடைக்காரன். "தண்டவாளத்துக்கு" என்றாள். பாட்டிலைக் கொட்டகையில் வைக்கவில்லை, சமையலறை அலமாரியில் வைத்தாள். அவருடைய பனியன் ஒன்றைத் தானே கிழித்தாள்.

எழுபத்திரண்டு இணைப்பு. ஒன்றை நெம்பி, களிம்பைச் சுரண்டி, துடைத்து, திரும்ப மாட்ட அவள் கைக்கு அரைமணி நேரமாகும். மாட்டத் தெரியாததை இம்மானுவேல் ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டுவான். தினமும் காலையில் ஒன்று, முடிந்த நாளில் சாயங்காலமும் ஒன்று. இடக்கோடியில், அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஆரம்பித்து, மணைப்பலகையை நகர்த்தி நகர்த்தி வலப்பக்கமாகப் போனாள். துணி வெள்ளையாக வந்தால் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள்.

"ஏன்னா, பாத்தேளா?"

அவர் பார்ப்பார். கறுப்பு கொஞ்சம் இருந்தாலும் புருவத்தைச் சுருக்குவார். மறுபடி துடைப்பாள். சுத்தமாக இருந்தால் கண்ணை ஒருதரம் மூடித் திறப்பார். முப்பத்துநாலு வருஷக் கல்யாணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த வேலை என்றால் இது ஒன்றுதான்.

பங்குனி பாதியில் ஸ்நேகாதான் சொன்னாள். தோட்டத்தில் ஜன்னலருகே நின்றவள் சட்டென்று கோமளவல்லியின் தோளைத் தட்டினாள். "ஆன்ட்டி, அந்தாண்ட போங்க. கொய்யா மரத்தாண்ட. இப்போ திரும்பிப் பாருங்க!"

திரும்பினாள். அவர் முகம் பாதிக்கு மேல் வலப்பக்கம் வந்திருந்தது. ரயில் இன்னும் ஓரடிகூட ஓடவில்லை. தினமும் இவள் நகர நகர, இவளைப் பார்க்க அவர் திரும்பியிருக்கிறார்.

கோமளவல்லிக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "போங்கோன்னா, என்னை என்ன பாக்கறேள், தண்டவாளத்தைப் பாருங்கோ" என்றாள்.

பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஐம்பத்தொன்றாவது இணைப்பில் இருந்தாள். கொய்யா மரத்தையும் தாண்டி வலக்கோடி. வெயில் ஏறிவிட்டது. துணியை மூன்று தரம் மாற்றினாள். நாலாவது துணி அப்பழுக்கில்லாமல் வந்தது. எழுந்து நின்று தூக்கிப் பிடித்தாள்.

"ஏன்னா, பாத்தேளா?"

அவர் முகம் முழுக்கத் திரும்பியிருந்தது. வலக்கோடி வரைக்கும், அவள் நிற்கும் இடம் வரைக்கும். கண் திறந்திருந்தது. அவர் ஒருதரம் மூடித் திறப்பார் என்று துணியைப் பிடித்தபடி அவள் நின்றாள். கை வலிக்கிற வரைக்கும் நின்றாள்.

அவருடைய காரியங்களெல்லாம் ஆகி, பதிமூன்றாம் நாள் சுபஸ்வீகாரமும் முடிந்து, வந்தவர்கள் போனபின், மிச்சமிருந்த இருபத்தொன்றையும் அவளும் இம்மானுவேலும் முடித்தார்கள். மைத்ரேயி ஸ்விட்சைப் போட்டாள். ரயில் எங்கும் நிற்காமல் நூற்றெட்டு அடியையும் சுற்றி வந்தது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். "எங்களோட புனேவுக்கு வந்துடும்மா" என்று மைத்ரேயி கூப்பிட்டாள். "தினமும் துடைக்கலைன்னா நின்னுடும்டி" என்று இவள் மறுத்துவிட்டாள்.

இப்போதும் துடைக்கிறாள். காலை ஆறரை மணிக்கு மணைப்பலகை, பிரஷ், ஸ்பிரிட். கையில் எப்போதும் அந்த வாடை, அவளுக்கு அது தீட்டாகத் தெரிவதில்லை. தை உற்சவத்துக்குக் கோயிலில் கூப்பிட்டார்கள், போய்ப் பாத்திரமும் தேய்த்தாள். ஆனால் வீட்டில் புளிப் பானையைத் திறந்தால் ஒரு நிமிஷம் கை நிற்கும்.

துடைத்த துணி வெள்ளையாக வந்ததும் அவள் ஜன்னலுக்கு வெளியே வந்து அதைத் தூக்கிப் பிடிக்கிறாள். நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. "ஏன்னா, பாத்தேளா?" என்கிறாள். நிமிர்ந்து பார்க்காமலாவது "பாத்தேன், பாத்தேன்" என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை.